மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்

அத்தியாயம் 9

கலியமூர்த்தி முதல் வேலையாக, பூவிழியின் தலையிலிருந்த மல்லிகைப்பூவைக் கழற்றச் சொன்னார்.

காலை எட்டு மணி. கிளியனூர் மெயின் ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது அவர் வீடு. பின்கட்டு அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், கவிழ்த்து வைத்த நான்கு கண்ணாடி கிளாஸ்கள். ஊதுபத்தி கிடையாது. தாளிப்பு வாசனை அடங்கும்வரை சமையல்கட்டுப் பக்கத்துக் கதவைத் திறக்கக் கூடாது என்று மனைவிக்கு உத்தரவு போட்டிருந்தார். புதுச்சேரிப் பக்கத்து மதுபானக் கம்பெனி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் சரக்கை ருசி பார்த்துச் சொல்வதுதான் அவர் உத்தியோகம். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் மூக்கை நகைப்பெட்டி மாதிரி காப்பாற்றி வந்தார்.

பூவிழி பூவை எடுத்துக்கொண்டு போய் வாசல் கேட்டில் மாட்டிவிட்டு வந்தாள். துப்பறியும் ராஜவேலிடம் உதவியாளராகச் சேருவதற்கு முன் அவள் திண்டிவனத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவள். ஊரார் பேச்சையெல்லாம் ஏழு வருஷம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்ததற்கு வட்டியும் முதலுமாக இப்போது பேசிக்கொண்டிருந்தாள்.

"பவுடர் வேற போட்டிருக்கேன் சார். மூஞ்சியையும் கழட்டி கேட்டுல மாட்டிடட்டா?"

"நீ அந்த ஜன்னலாண்ட உக்காரும்மா. அது போதும்" என்றார் கலியமூர்த்தி, சிரிக்காமல்.

ராஜவேல் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டானிக் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தான். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெளிறிய பழுப்புத் திரவம். அவ்வளவுதான் அவனிடமிருந்த வழக்கு.

ஒன்பது நாளாகச் சாலமன் சிறையில் இருந்தான். மரக்காணம் உப்பளத்தில் முப்பது ஏக்கர் பாத்தி வைத்திருக்கும் சிவஞானத்தின் பங்களாவுக்கு அவன்தான் காவல்காரன். விடியலில் பாத்தியில் உப்பு வாருவான். மற்ற நேரம் கேட்டில் உட்காருவான். சிவஞானத்தின் காலமான மனைவியுடைய காசுமாலை ஒரு வியாழக்கிழமை பீரோவிலிருந்து காணாமல் போயிற்று. அறைப் பூட்டு உடையவில்லை. அந்த அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று சிவஞானத்தின் இடுப்பில். மற்றது காவல் கொட்டகை ஆணியில். ஆணிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவனைப் போலீஸ் அழைத்துக்கொண்டு போனது.

சாலமனின் மனைவி சகாயமேரி திண்டிவனத்துக்குப் பஸ் ஏறி வந்து, போட்டோ ஸ்டூடியோ மாடியிலிருந்த ராஜவேலின் அலுவலகத்தில், நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ராஜவேல் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அன்று என்னவோ, கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டான். சொன்ன நிமிஷத்திலிருந்து அது தொண்டையில் முள்ளாக நின்றது.

அவனுடைய சந்தேகம் சிவஞானத்தின் மைத்துனன் இருசப்பன்மேல். அந்த வாரம் மூன்று நாள் பங்களாவில் தங்கியிருந்தவன். அக்கா போனபிறகு அந்த அறையை மிதித்ததே இல்லை என்று போலீஸில் எழுதிக் கொடுத்திருந்தான். அவன் உள்ளே போனான் என்பதற்கு ஒரே ஒரு அத்தாட்சி கொடுங்கள், சாலமனை வெளியே கொண்டுவருவது என் பாடு என்றார் சாலமனுக்காக வாதாடும் வக்கீலம்மா.

அத்தாட்சி அந்த அறையிலேயே, கண்ணாடி அலமாரியில் நின்றுகொண்டிருந்தது. சிவஞானத்தின் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஸ்காட்ச் விஸ்கி. சிங்கிள் மால்ட். ஒயின் பீப்பாயில் ஊறியது என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. சிவஞானம் மாதத்துக்கு ஒரு நாள் அரை கிளாஸ் ஊற்றி, அது மூழ்கும் அளவுக்குச் சோடா விட்டுக் குடிப்பார். பிறகு லேபிளில் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். சரக்கு கோட்டுக்குச் சரியாக இருந்ததால் போலீஸ் அதைத் தொடவில்லை. ராஜவேல் பெட்டியைப் பார்த்தான். பெட்டியின் படத்தில் விஸ்கி நாவல்பழச் சிவப்பாக மின்னியது. பாட்டிலில் இருந்ததோ இரண்டாம் தண்ணி டீ. கோடு பொய் சொல்லவில்லை. ஆனால் முழுசாகவும் சொல்லவில்லை. யாரோ குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். அதில் கொஞ்சம்தான் இந்த டானிக் பாட்டிலில் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் சபையில் ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து சாலமன் குடிப்பதில்லை. இருசப்பன் குடிக்காத நாளே இல்லை.

கலியமூர்த்தி ஒரு கிளாஸை நிமிர்த்தி அதில் கொஞ்சம் ஊற்றினார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டார். பிறகு கிளாஸை இறக்கிவிட்டுச் சுவரைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார். அந்த அறையின் அமைதி ராஜவேலுக்குப் பிடித்திருந்தது. மனிதர்கள் பேசாமல் இருக்கும்போதுதான் அவனுக்கு மூச்சு சீராக வரும்.

"உலர்ந்த திராட்சை இருக்குது. பழைய மரப்பெட்டி இருக்குது. கொஞ்சம் தீஞ்ச வெல்லப்பாகு" என்றார் அவர். "பத்து வருஷம் ஒரு பீப்பாய்ல இருக்கும் தம்பி. அப்புறம் ஒயின் காலியான வேற பீப்பாய்க்கு மாத்தி, ஒண்ணு ரெண்டு வருஷம் வெப்பாங்க. கட்டிக்குடுத்த பொண்ணு மாதிரி. பொறந்த வூட்டு குணம் போகாது. மாமியார் வூட்டு வாசனையும் ஏறிக்கும்."

"மாமியார் வூடு நல்ல வூடா சார்?" என்றாள் பூவிழி.

"நல்ல வூடுதான். யாரோ பூந்து குட்டிச்சுவர் பண்ணியிருக்கான்."

ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினார். பக்கத்திலிருந்த வாளியில் துப்பினார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு சொட்டு விழுங்கியதில்லை, துப்பியே இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டார். நாங்களும் அதே துப்பை நம்பித்தான் பிழைக்கிறோம் என்று பூவிழி முனகினாள்.

"மூணுல ஒரு பங்கு தண்ணி" என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கி, இன்னொரு வாய் எடுத்தார். "உப்பு வேற இருக்குது."

தானும் நேற்று நாக்கில் வைத்தபோது அது பட்டதாக ராஜவேல் சொன்னான். கடலோரத்தில் வடிக்கும் விஸ்கியில் உப்பு இருக்கும் என்று எங்கோ படித்த ஞாபகத்தில் விட்டுவிட்டான்.

"கடலோர சரக்குல உப்போட நெனப்பு வரும் தம்பி. உப்பு வராது. இது கரைஞ்ச உப்பு. பின்னாடியே ஒரு கசப்பு ஒட்டிக்கிட்டு வருது பாரு. ஊத்துன தண்ணியே உப்புத் தண்ணி."

ராஜவேல் எழுந்து ஜன்னலுக்குப் போனான். வெளியே கேட்டில் மல்லிகை ஆடிக்கொண்டிருந்தது. அந்த அறையில் சிவஞானம் குடிக்கிற கேன் தண்ணீர் ஸ்டாண்டில் இருந்தது அவன் நினைவுக்கு வந்தது. அலமாரியிலிருந்து நாலு அடிகூட இல்லை. அந்தக் கேனைச் சாய்த்தால் குபுக் குபுக்கென்று வீடு முழுக்கக் கேட்கும். திருட வந்தவன் அந்தச் சத்தத்துக்குப் பயந்திருக்கிறான். பாட்டிலை வெளியே எடுத்துப்போய், கைக்குக் கிடைத்த குழாயில் பிடித்திருக்கிறான். குழாய் கிடைத்தால் ஆள் கிடைப்பான்.

வெகு நாளைக்குப் பிறகு, தன் மூளை தானாகவே நடந்து போய் ஒரு கதவைத் திறந்ததை அவன் உணர்ந்தான். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. முள் கொஞ்சம் இறங்கியது.

பூவிழி உடனே செல்லில் வக்கீலம்மாவைப் பிடித்தாள். பத்து மணிக்கு டி.எஸ்.பி.யைப் பார்க்கப் போவதாகவும், மனுவில் இதைச் சேர்த்து எழுதிவிடுவதாகவும் அவர் சொன்னார். வார்த்தை பிசகாமல் இருக்கட்டும் என்று ராஜவேலே போனை வாங்கிச் சொன்னான். அவன் சொன்ன கடைசி வாக்கியம் இது:

"பாட்டிலில் ஊற்றியது எந்தக் குழாயின் உப்புத் தண்ணீரோ, அந்தக் குழாயைப் புழங்கியவரே அந்த அறைக்குள் போனவர்."

"கல்வெட்டுல வெட்டி வெக்கலாம் சார்" என்றாள் பூவிழி.

ஸ்கூட்டர் மரக்காணம் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. மே மாத வெயிலில் உப்புப் பாத்திகள் கண்ணைக் குத்தின. காலை வேலை முடிந்து வரப்புகள் காலியாகிவிட்டிருந்தன. வாரிக் குவித்த உப்பின்மேல் ஓலை மூடிக் கிடந்தது. தூரத்தில் கடல் இருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

பங்களாவில் சிவஞானம் மறுப்புச் சொல்லவில்லை. குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பதில் என்ன துப்பு இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். சமையல்கட்டுக் குழாய், குளியலறை, தோட்டம், கார் கழுவும் இடம் என்று வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்தார். பூவிழி ஒவ்வொன்றிலும் கையைக் குவித்துக் குடித்தாள். ராஜவேல் ஒரு மிடறு எடுத்துத் துப்பினான்.

எதிலும் உப்பு இல்லை.

சுனாமி வந்து போனதும் பங்களாக் கிணறு கெட்டுவிட்டது, அன்றைக்கே மூடிவிட்டேன் என்றார் சிவஞானம். ஒன்றரை வருஷமாகப் பிரம்மதேசம் பக்கத்து போர்வெல் தண்ணீர் லாரியில் வந்து மேல்தொட்டியில் ஏறுகிறது. எல்லாக் குழாயும் அந்தத் தொட்டிதான்.

"நாலு குழாய் ஆச்சு சார்" என்றாள் பூவிழி. "இன்னும் ரெண்டு குடிச்சேன்னா என்னையே மொட்டை மாடியில ஏத்தி வெச்சிடலாம்."

இருசப்பன் தங்கிய மூன்று நாளும் இந்தக் காம்பவுண்டைத் தாண்டவில்லை என்பது ராஜவேலே விசாரித்து உறுதி செய்த சங்கதி. காம்பவுண்டுக்குள் உப்புத் தண்ணீர் இல்லை. அவன் தோட்டத்தின் கடைசிவரை நடந்துபோய் நின்றான். பின் கேட்டுக்கு அப்பால், பாத்திகளின் ஓரத்தில், காவல்காரனுக்குக் கொடுத்திருந்த இரண்டு அறை வீடு தெரிந்தது. பக்கத்தில் ஒரு அடிபம்பு.

அங்கே போக வேண்டாம் என்று ஏதோ ஒன்று அவனுக்குள் சொன்னது. அவன் போனான்.

சகாயமேரி அவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தாள். பாத்தியிலிருந்து வந்து குளித்திருந்தாள்; முழங்கைவரை வெள்ளை பூத்த தோல். பாயை விரித்துப் போட்டாள். வெயிலில் வந்தவர்கள் என்று இரண்டு டம்ளரைக் கழுவி, பம்பை அடித்து நிரப்பிக் கொண்டுவந்தாள்.

ராஜவேல் ஒரு மிடறு குடித்தான். உப்பு. அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்த சின்னக் கசப்பு.

பூவிழி அவனைப் பார்த்தாள். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அக்கா, இந்தத் தண்ணியவா குடிக்கிறீங்க?"

"நல்ல தண்ணி தங்கச்சி. சுனாமிக்கு அப்புறம் கொஞ்ச நாள் கரிச்சுது. இப்ப சரியாயிடுச்சு."

தண்ணீர் சரியாகவில்லை. காலையெல்லாம் உப்பில் நின்று, உப்புப் பட்ட கையால் சோறு தின்று, அந்த வீட்டு நாக்குகள்தான் அதற்குப் பழகிப்போயிருந்தன. வேறு எவனாக இருந்தாலும் இந்தத் தண்ணீரை விஸ்கியில் ஊற்றத் துணிய மாட்டான். முதல் வாயிலேயே காட்டிக் கொடுத்துவிடும் என்று தெரியும். இதை நல்ல தண்ணீர் என்று நம்புகிற ஒருவர்தான் ஊற்றியிருக்க முடியும்.

ராஜவேல் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அவனுடைய மௌனத்துக்குத் தொழிலில் ஒரு பெயர் உண்டு. அதைத் தாங்க முடியாமல் எத்தனையோ பேர் உள்ளதைக் கக்கியிருக்கிறார்கள். இன்று அவன் யாரிடமும் எதையும் கறக்க நினைக்கவில்லை. ஆனால் மௌனம் அது பாட்டுக்கு வேலை செய்தது. சகாயமேரியின் பார்வை அவன் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த டானிக் பாட்டிலுக்குப் போயிற்று. அதன் நிறத்தில் நின்றது.

அவள் வாய் திறந்ததும் அவன் கையை உயர்த்தித் தடுத்தான். அவள் நிறுத்தவில்லை.

"நான்தான் சார் எடுத்தேன். அவருக்குத் தெரியாது."

பொங்கல் முடிந்து பாத்தி வேலை தொடங்கியதிலிருந்து சாலமனின் பாதம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி, ராத்திரியெல்லாம் முனகுவான். வேப்பெண்ணெயில் கர்ப்பூரம் போட்டுக் காய்ச்சி, கொஞ்சம் பிராந்தி விட்டுத் தடவினால் வெடிப்பு மூடும் என்று பாத்தியில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் சபையில் சத்தியம் செய்த வீடு. ஒயின் ஷாப் வாசலில் அவள் நிற்க முடியாது. வேறு யாரையாவது அனுப்பினால், சாலமன் மறுபடி குடிக்கிறான் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் அவன் விடியலில் பாத்திக்குப் போனபிறகு, வாரத்துக்கு ஒரு நாள், ஆணியிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு போனாள். மருந்து மூடியில் ஒரு மூடி. எடுத்த அளவுக்குத் தண்ணீர்.

"நாலு மாசமா?" என்றாள் பூவிழி. குரல் இறங்கியிருந்தது.

"ஆமா தங்கச்சி. கால் மூடிக்கிச்சு. அவரு மருந்துன்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தாரு. வேப்பெண்ண நாத்தத்துல தெரியல."

ராஜவேல் கடைசியில் வாயைத் திறந்தான். காசுமாலை போன அந்த வியாழக்கிழமை அவள் போனாளா என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிடு என்று மனசுக்குள் அவளைக் கெஞ்சினான்.

போனேன் என்றாள். விடியலில்.

"பீரோ தொறந்திருந்துதா? யாராவது வந்து போன மாதிரி, ஏதாவது?"

அவள் நன்றாக யோசித்தாள். உதவ வேண்டும் என்ற ஆசை முகத்தில் தெரிந்தது.

"பீரோவ பாக்கவே இல்ல சார். பாட்டில மட்டும்தான் பாத்தேன்."

பூவிழி செல்லை எடுத்துக்கொண்டு வரப்புப் பக்கம் போனாள். வக்கீலம்மாவிடம் பேசுவது துண்டு துண்டாகக் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் முகம் வாடியிருந்தது. டி.எஸ்.பி.க்கு மனு ரொம்பவே பிடித்துப் போயிற்றாம். கடைசி வரியை இரண்டு தடவை சத்தமாகப் படித்தாராம். பாட்டிலைக் கைப்பற்றி, குழாய்களையும் பார்த்துவிட்டு வா என்று மனுவையும் கையில் கொடுத்து எஸ்.ஐ.யை அனுப்பியாயிற்று. கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிறது.

அவள் சொல்லி முடிக்கும்போதே பங்களா வாசலில் ஜீப் நின்றிருந்தது.

சகாயமேரியும் அதைப் பார்த்தாள். அவள் கேட்ட கேள்வியை ராஜவேல் வெகு நாள் மறக்கப் போவதில்லை.

"குடிச்சது அவரு இல்லன்னு ஆயிடுச்சே சார். அப்ப வுட்டுடுவாங்கல்ல?"

நீ சொன்னதை யாரிடமும் சொல்லாதே என்று மட்டும் அவனால் சொல்ல முடிந்தது. அதுவும் பிரயோஜனமில்லை. கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்றாள் அவள், மிகவும் சாதாரணமாக. சபையில் வேதத்தின்மேல் கைவைத்துச் சொல்லியிருக்கிறேன் என்றாள். எடுத்தது தப்பு, அதற்கு என்ன தண்டனையோ வாங்கிக்கொள்கிறேன், அவரை அனுப்பிவிடட்டும் என்றாள். சாவியை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனது சாலமன் வீட்டு ஆள்தான் என்பதை அவள் வாயாலேயே சொல்லிவிட்டால், அனுப்புவதற்கு ஆள் இருக்காது, கூடச் சேர்ப்பதற்குத்தான் ஆள் இருக்கும் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? அந்த அறைக்குள் இருசப்பனை நிறுத்த அவன் கட்டிய ஒவ்வொரு கல்லும் அவளைச் சுற்றி எழும்பியிருந்தது.

தோட்டத்துக் குழாயடியில் எஸ்.ஐ. குனிவது இங்கிருந்தே தெரிந்தது. ஒரு கை குடித்தார். தலையை ஆட்டினார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். கார் கழுவும் குழாய்க்கு நடந்தார்.

பூவிழி யாரையும் கேட்கவில்லை. பம்பண்டை போய், கைப்பிடியைக் கழற்றிவிட அதன் போல்ட்டைத் திருகினாள். முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள். கல்லால் தட்டினாள். துப்பறிகிறவனின் உதவியாளர் அத்தாட்சியைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். ராஜவேல் அதைத் தடுக்கவில்லை. எழுந்து போய் அவனும் ஒரு கை பிடித்தான். உப்புக் காற்றில் துரு ஏறி போல்ட்டும் கைப்பிடியும் ஒரே இரும்பாகிவிட்டிருந்தன. இரண்டு பேர் உள்ளங்கையும் சிவந்ததுதான் மிச்சம்.

"இருசப்பன்தான் சார் எடுத்திருப்பான்" என்றாள் பூவிழி மூச்சு வாங்க. "சத்தியமா அவன்தான்."

"இருக்கும்" என்றான் ராஜவேல்.

எஸ்.ஐ. பின் கேட்டைத் திறந்துகொண்டு வரப்பில் ஏறிவிட்டார். பின்னால் ஒரு கான்ஸ்டபிள், கையில் துணி சுற்றிய பாட்டில். எஸ்.ஐ.யின் தொப்பியிலிருந்து வியர்வை முகத்தில் வழிந்தது. நல்ல மனுஷர் என்று பெயர் எடுத்தவர். அந்த நேர்மைதான் இப்போது பயமாக இருந்தது.

சகாயமேரி அவரைப் பார்த்துப் புடவையைச் சரிசெய்துகொண்டாள். அவர்கள் பம்பில் என்ன செய்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. பெரியவர்கள் வேலை ஏதோ என்று விட்டுவிட்டாள். இன்னொரு டம்ளரை எடுத்துக் கழுவினாள். இருவரையும் நகரச் சொல்லிவிட்டுப் பம்பை நாலு அடி அடித்து, முதல் தண்ணீரைக் கீழே விட்டு, நுரை அடங்கிய தண்ணீரைப் பிடித்தாள்.

"பாவம், எவ்ளோ தூரம் வெயில்ல வர்றாரு" என்று சொல்லிக்கொண்டே வரப்புவரைக்கும் எதிர்கொண்டு போனாள்.

பூவிழி ஒரு எட்டு எடுத்து வைத்தாள். அதற்குமேல் அவளாலும் போக முடியவில்லை. ராஜவேல் வாயைத் திறந்தான். அவனுக்குத் தெரிந்த எந்தச் சொல்லும் அந்த இருபது அடி தூரத்தைத் தாண்டிப் போகிற சொல்லாக இல்லை.

எஸ்.ஐ. டம்ளரை வாங்கிக்கொண்டு நன்றி என்று தலையசைத்தார். தாகத்தோடு ஒரு மிடறு இழுத்தார். இரண்டாவது மிடறுக்கு அவர் வாய் திறக்கவில்லை. டம்ளரைக் கொஞ்சம் இறக்கி, அதற்குள் பார்த்தார். பிறகு, இன்னும் வேண்டுமா என்று கேட்பதற்காகக் காத்து நின்ற அவள் முகத்தைப் பார்த்தார்.